வண்டியில் ஒன்றுமில்லை என்றேன்

அந்த வண்டி என்னிடம் மட்டும் உதைக்கவே இல்லை. முதலில் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது அதுதான். என் கையில் ஒரு தடவை ஒழுங்காக உதைத்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். மூன்று வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு பெண்ணை அலைக்கழித்த பாவமும் வந்து சேர்ந்திருக்காது.

தேனியிலிருந்து பெரியகுளம் போகிற ரோட்டில் என் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தங்கப்பாண்டி ஒர்க்‌ஷாப் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு வண்டி நிற்கிற தகரக் கொட்டகை, ஒரு குழி, ஒரு கம்ப்ரசர், நான். கூட ஆள் கிடையாது. வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் என் வாய்க்குப் பயந்து ஓடிப்போனதாக ஊரில் பேச்சு. அது முழுப் பொய்யும் இல்லை. இருபத்துநாலு வருஷம் ஜீப்பும் லாரியும் பார்த்த கை இது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் கொட்டகைக்குள் நுழையும்போதே, இன்னது போச்சு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். ஆட்டோமேட்டிக் வண்டிகள் எங்கள் பக்கம் பெருகியது இந்த ஐந்தாறு வருஷத்தில்தான். அதற்காக ஒரு ஸ்கேனரும் வாங்கி வைத்திருக்கிறேன். வண்டியில் சொருகினால் கோளாறு இன்னது என்று திரையில் எழுதிக் காட்டும்.

பாண்டீஸ்வரி என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் பார்க்கிற சுருளிவேலின் மனைவி. சின்னமனூரில் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருக்கிறாள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. முழங்கால் வரை இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் மாட்டித்தான் நடப்பாள். ஒன்பது வருஷம் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ் என்று மாறி மாறி ஏறி இறங்கினாள். கிளட்ச் இல்லாத வண்டியை வலது காலை மட்டும் வைத்து ஓட்டிவிடலாம் என்று தெரிந்ததும் லைசென்ஸ் எடுத்து இந்தக் காரை வாங்கினாள். நாலு வருஷமாக அவள் பஸ் படியில் கால் வைக்கவில்லை.

"அண்ணே, நின்ன எடத்துல ரிவர்ஸ் போட்டுட்டு அப்புறம் டிரைவ் போட்டா, பின்னாடி யாரோ வந்து இடிச்ச மாதிரி டமார்னு தூக்கிப் போடுதுண்ணே" என்றாள் முதல் நாள்.

"எப்பவுமேவா?"

"எப்பவும் இல்லண்ணே. சில நேரம்."

சில நேரம் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டியை வாங்கி வைத்து, ரிவர்ஸ், டிரைவ், ரிவர்ஸ், டிரைவ் என்று இருபது தடவை மாற்றிப் பார்த்தேன். லேசாக ஒரு அசைவு. அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் என்றால் அந்த அளவு இருக்கத்தான் செய்யும். ஸ்கேனரைச் சொருகினேன், ஒரு குறையும் இல்லை என்று காட்டியது. இன்ஜின் சும்மா ஓடும்போது எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டுமோ அவ்வளவில்தான் சுற்றியது. பானட்டைத் திறந்து, இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர்களில் மேலே தெரிகிற இரண்டையும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றன. சரி, கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கும் என்று கம்பெனி சொன்ன அதே ஆயிலை வாங்கி மாற்றினேன். ஓட்ட ஓட்டத் தானாகப் பழகி கியர்பாக்ஸ் ஞாபகம் வைத்திருக்கும் கணக்கையும் ஸ்கேனரால் அழித்து, புதிதாகப் பழக்கினேன். இதற்கு மேல் மதுரையிலும் எவனும் செய்ய மாட்டான் என்ற திமிரோடு வண்டியைக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "அண்ணே, இன்னும் உதைக்குதுண்ணே."

மறுபடி வாங்கி இரண்டு நாள் வைத்துக்கொண்டேன். நானே வீரபாண்டி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். வெண்ணெய் மாதிரி போனது. ஒன்றும் புரியவில்லை. உதைக்கிறது என்று அவள் சொல்வது பொய்யாக இருக்க வழியில்லை. உதைக்கவில்லை என்று என் கையும் காலும் சொல்வதும் பொய் இல்லை. சாப்பிடும்போது அதே நினைப்பு. குளிக்கும்போது அதே நினைப்பு. கடைசியில் வண்டி மேல் வந்த கோபம் எப்படியோ அவள் மேல் திரும்பிவிட்டது.

அடுத்த வாரம் பூண்டு மார்க்கெட்டில் வண்டியைத் திருப்பும்போது, ஒரு உதை உதைத்ததில் அவள் திடுக்கிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கிறாள். வண்டி நகர்ந்து, மூட்டை ஏற்றி நின்ற தள்ளுவண்டியில் இடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுருளிவேல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் என் கொட்டகைக்கு வந்தார்கள்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றான் சுருளிவேல். "கோளாறு வண்டிலயா, இவ ஓட்டுறதுலயா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் ஊரே மெக்கானிக் என்று மதிக்கிற ஆள், ஸ்கேனர் வேறு வைத்திருக்கிற ஆள், தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை.

"வண்டில ஒண்ணும் இல்ல மாப்ள. எல்லாம் ஓட்டுற பழக்கம்தான்" என்றேன்.

பாண்டீஸ்வரி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்படியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். நான் ஸ்பேனரைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம் ஒரு லாரியின் ரேடியேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் டவுன் பஸ் நின்றது. முதலில் ஒரு கைப்பை இறங்கியது, பிறகு இரும்புப் பட்டை போட்ட கால், பிறகு கம்பியை விடாமல் பிடித்தபடி பாண்டீஸ்வரி. அவள் நிமிர்வதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவள் ரோட்டைத் தாண்டி வருவதற்குள் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டன.

"என்னம்மா, பஸ்ல வர்ற?"

"சாவிய அவுக வாங்கி வச்சுக்கிட்டாகண்ணே. கம்பத்துல அஜய்குமார்னு ஒருத்தரு வண்டிய எடுக்கப் போறாராம். சனிக்கிழமை வர்றாரு."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அவுக மேலயும் தப்பு இல்லண்ணே. பயப்படுறாக. மச்சானே பாத்துச் சொல்லிட்டாக, இனி என்ன பேச்சுங்கிறாக. வேலைய விட்ரு, இல்லாட்டி ஊர்ப்பக்கம் மாறுதல் கேளுங்கிறாக. மாறுதலெல்லாம் கெடைக்காது. நாலு நாளா பஸ்லதான் போய்ட்டு வர்றேன். முன்ன முடிஞ்சுச்சு. இப்ப முடியலண்ணே."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வண்டி குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க. எங்கன தப்புப் பண்றேன்னு சொன்னீகன்னா திருத்திக்கிறேன். திருத்த முடியாதுன்னா அதையும் நீங்களே அவுககிட்ட சொல்லிருங்க. நான் ஏத்துக்கிறேன்."

மூன்று வாரமாக, நான் ஓட்டினால் உதைக்கிறது, நான் ஓட்டினால் உதைக்கிறது என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை ஓட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய அறிவாளி நான்.

சனிக்கிழமை காலையில் சுருளிவேலே வண்டியையும் அவளையும் கொண்டுவந்து விட்டான். வாங்குகிற ஆள் மெக்கானிக் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றாராம். "மதியம் அவரக் கூட்டிக்கிட்டு இங்கனயே வந்துர்றேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தேனிக்குள் ஓட்டச் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, என்னைவிட நன்றாக ஓட்டினாள். முன்னால் போகிற வண்டிக்கு இடம் விட்டாள், தேவையில்லாமல் ஹாரன் அடிக்கவில்லை. காய்கறி மார்க்கெட் பக்கம் தக்காளி லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டியை முழுசாக நிறுத்தி, பிரேக்கை நன்றாக மிதித்து, ரிவர்ஸ் போட்டுப் பின்னால் வந்தாள். மறுபடி முழுசாக நிறுத்தி, டிரைவுக்கு மாற்றினாள்.

டமார்.

அடியிலிருந்து யாரோ கடப்பாரையால் குத்திய மாதிரி இருந்தது. எனக்குப் பல்லோடு பல் மோதியது.

"பாத்தீகளாண்ணே? நான் எங்கன தப்புப் பண்ணேன்?" என்றாள்.

அவள் கால் பிரேக்கில்தான் இருந்தது. கை அவசரப்படவில்லை. தப்பு என்று சொல்ல ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி இடம் மாறினோம். நான் உட்கார்ந்து ரிவர்ஸ், டிரைவ் என்று பத்துத் தடவை மாற்றினேன். லேசான அசைவு. மறுபடி அவள் உட்கார்ந்தாள். டமார். மறுபடி நான். ஒன்றுமில்லை. மறுபடி அவள். டமார். மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், இவர்கள் என்ன ஏறி ஏறி இறங்கி விளையாடுகிறார்கள் என்று நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரே வண்டி, ஒரே இடம், ஒரே கியர். மாறுவது ஆள் மட்டும். அவள் கனம் குறைவு, அதனாலா? சீட்டை முன்னால் தள்ளிப் போட்டிருக்கிறாளே, அதனாலா? கடைசியில் வெட்கம்கெட்ட ஒரு யோசனையும் வந்தது. அவள் காலில் கட்டியிருக்கிற இரும்பு ஏதாவது ஒயரில் படுகிறதோ என்று, கதவுப் பக்கம் குனிந்து அவள் காலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன்.

"என் காலுக்கும் கியருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லண்ணே" என்றாள் மெதுவாக.

நிமிர்ந்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கவாண்ணே? நான் போடுற ஏசிய, நீங்க உக்காந்ததும் ஏன் அணைக்கிறீக?"

அணைத்தேனா? அணைத்திருக்கிறேன். ஜீப் ஓட்டிப் பழகிய கை. ஏசி ஓடினால் வண்டியின் சத்தம் கேட்காது என்று உட்கார்ந்ததும் கை தானாகப் போய் அணைத்துவிடும். முதல் நாளிலிருந்து அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். மறுபடி இடம் மாறி உட்கார்ந்து, ஏசியைப் போட்டேன். ரிவர்ஸ். டிரைவ்.

டமார்!

"என்கிட்டயும் உதைக்குது! என்கிட்டயும் உதைக்குது தாயி!" என்று கத்திவிட்டேன். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் சிரித்தார். பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள்.

ஏசி ஓடும்போது இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். கியர் விழும்போது தள்ளுகிற தள்ளும் கூடும். ஆனால் அதற்காக இவ்வளவு அடி அடிக்காது. அந்தத் தள்ளைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஏதோ ஒன்று பிடிக்காமல் விட்டுவிடுகிறது. கொட்டகைக்குத் திரும்பினோம். நாலு சக்கரத்துக்கும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்டு, பானட்டைத் திறந்து நான் பக்கவாட்டில் நின்றேன். அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டு சீட்டில் இருந்தாள்.

"ஏசி போடு. ரிவர்ஸ். இப்ப டிரைவ்."

கட்டறுத்த கன்றுக்குட்டி மாதிரி இன்ஜின் துள்ளியது. இத்தனை நாளும் கூட ஆள் இல்லாமல் நானே சீட்டில் உட்கார்ந்து கியரை மாற்றியதால், திறந்த பானட் மறைத்து, இது லேசாக ஆடுவதைக்கூட நான் பார்க்கவே இல்லை. இதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்.

அவளை அப்படியே இருக்கச் சொல்லி, இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, ஜாக்கி போட்டு அடியில் போனேன். அடிப்பக்கத்தை மூடுகிற கீழ்த்தட்டைக் கழற்றினேன். பின்பக்கம், தாழ்வாக, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் மூன்றாவது மவுண்டிங் ரப்பர் ஒன்று இருக்கிறது. இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பது அதுதான். விரலால் அழுத்தினேன். ஊறவைத்த புளி மாதிரி விரலோடு பிய்ந்து வந்தது. ஊதிப்போய், நடுவில் கிழிந்து, இரும்பு இரும்போடு மோதிக்கொண்டிருந்தது.

நாலு வருஷத்தில் ரப்பர் இப்படி ஆகாது. விரலை மூக்கருகில் கொண்டுபோனேன். டீசல் வாடை.

இது பெட்ரோல் வண்டி. கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் மல்லாந்து கிடந்த இடத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

மலை ஏறுகிற ஜீப்புகளுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் வாட்டர் வாஷ் செய்து, டீசலில் பழைய ஆயிலைக் கலந்து அடிப்பக்கம் முழுக்க ஸ்ப்ரே அடித்துவிடுவோம். சேறு ஒட்டாது, துருப் பிடிக்காது. டீசல் பட்டால் ரப்பர் ஊறிப்போகும் என்பது தெரியாத விஷயமில்லை. ஜீப்புக்கு அது பெரிய காரியமில்லை. ரப்பர் போனால் செருப்பு மாற்றுகிற மாதிரி மாற்றிவிடுவோம், ஜீப் எப்படியும் குலுக்கிக்கொண்டுதான் போகும். அதே கையோடு இந்தக் காருக்கும் அடித்திருக்கிறேன். யாரும் கேட்காமலே. தங்கச்சி வண்டி என்று மற்ற வண்டிக்குச் செய்யாத பக்குவமாக, கீழ்த்தட்டையும் கழற்றி வைத்து, மூலை முடுக்கு விடாமல், போன மூன்று வருஷமும்.

அடியில் இருக்கும்போதே புல்லட் சத்தம் கேட்டது. சுருளிவேலும் அஜய்குமாரும் வந்துவிட்டார்கள். வெளியே வந்து, ஜாக்கியை இறக்கிவிட்டு, பிய்ந்து வந்த ரப்பர்த் துண்டைக் காட்டினேன்.

"மாப்ள, ஓட்டுற பழக்கம்னு நான் சொன்னது தப்பு. கோளாறு இதுதான். திங்கக்கிழமை மதுரையில இருந்து வாங்கி மாத்திட்டா தீந்துச்சு."

சுருளிவேல் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சந்தேகத்தோடு கேட்டான். "நாலு வருசத்துல இப்படிப் போகுமா மச்சான்? இவ ஓட்டுன ஓட்டுலதான போயிருக்கும்?" என்று சொல்லிவிட்டு, காரின் பக்கம் திரும்பி, "எறங்கு பாண்டீஸ்வரி, அவரு ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டும்" என்றான்.

அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

தேய்மானம் மாப்ள என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. என் பேரும் கெடாது. ஆனால் வண்டி அவள் கையை விட்டுப் போய்விடும். போகாவிட்டாலும், நாளைக்கு ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாலும் இவள் ஓட்டியதால் போனது என்றுதான் ஆகும். அதை ஆரம்பித்து வைத்தவன் நான்.

"அவ ஓட்டுனதுல போகல. என்னாலதான் போச்சு" என்றேன். "வருசா வருசம் நான் அடிச்ச டீசல் ஸ்ப்ரேலதான் இந்த ரப்பர் ஊறிச்சு. இன்னிக்கு அவ ஓட்டக் கூட உக்காந்து பாத்தேன். அவ மேல எள்ளளவும் தப்பு இல்ல. அன்னிக்கு எனக்குக் கோளாறு தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு, பழியத் தூக்கி அவ மேல போட்டுட்டேன் மாப்ள."

சுருளிவேலுக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவன் அஜய்குமாரைத் தனியே கூட்டிப் போய் ஏதோ சொன்னான். அஜய்குமார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

நான் காரின் ஜன்னலருகில் போனேன். "மன்னிச்சிரு தாயி" என்றேன்.

சுருளிவேல் திரும்பி வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் அவள் பேசினாள்.

"எடது காலு போனப்ப எனக்கு ரெண்டு வயசுண்ணே. ஒண்ணும் தெரியாது. வயசாக ஆக சில பேருக்கு நல்ல காலும் பலம் கொறையும்னு டாக்டரு எப்பவோ சொல்லியிருந்தாரு. நீங்க ஓட்டுற பழக்கம்னு சொன்னதுல இருந்து, வலது காலும் போக ஆரம்பிச்சிருச்சுன்னே நெனச்சுட்டேன். தெனமும் விடியக்காலம் இவுக எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, செவுத்துல கால வச்சு அமுக்கி அமுக்கிப் பாப்பேன், பலம் இருக்கான்னு."



"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றான் சுருளிவேல்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே வண்டிய வித்துருப்பீக" என்றாள் அவள்.

அவன் காரைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கக் கதவைத் திறந்து, அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான்.